கிட்டத்தில் வேகம் மட்டும் போதாது

ஐம்பது மீற்றருக்குள் மான் சுடுவதற்குப் பாரம் குறைந்து வேகம் கூடிய சன்னமே சிறந்தது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இலங்கையில் புள்ளிமானும் மரையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. ஆதலால் கொழும்பில் வசிக்கும் நான் சொல்வதெல்லாம், கனடாவில் அனுமதிப்பத்திரத்துடன் வேட்டைக்குச் செல்லும் என் மைத்துனரிடம் கேட்டும் அவருடைய சன்னங்களைக் கையில் வைத்துப் பார்த்தும் அறிந்தவையே.

கிட்டத்தில் சன்னம் தன் வேகத்தை இன்னும் இழந்திருக்காது. ஈயத்தின்மேல் மெல்லிய செப்புறை கொண்ட மென்முனைச் சன்னம் செக்கனுக்கு 900 மீற்றர் வேகத்தில் தோள் எலும்பில் மோதினால், நுரையீரலை எட்டுமுன்பே சிதறிவிடக்கூடும். காயப்பட்ட மான் ஓடிவிடும், ஈயத் துகள்கள் இறைச்சியெங்கும் பரவும். மைத்துனரின் மேசையிலுள்ள முழுச் செப்புச் சன்னமொன்றோ, மானின் மறுபக்கத் தோலடியில் எடுக்கப்பட்டது, பூவிதழ்போல் விரிந்திருந்தும் அதன் பாரம் பெரும்பாலும் குறையவில்லை.

1895இல் வந்த .30-30 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையை மைத்துனர் இன்றும் விடாததற்குக் காரணம் பழம்பெருமையன்று. அதன் 170 கிறேன், அதாவது சுமார் 11 கிராம் சன்னம், செக்கனுக்கு ஏறத்தாழ 670 மீற்றர் வேகத்திலேயே புறப்படுவதால் அளவாக விரிந்து ஆழமாகச் செல்கிறது. அதன் முனை தட்டையாக இருப்பது, தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் கிடக்கும் குழாய் ரவைக்கூட்டில் ஒரு சன்னத்தின் முனை முன்னாலுள்ள தோட்டாவின் எரியூட்டியைக் குத்தி வெடிக்கச் செய்யாதிருப்பதற்காகத்தான்.

தட்டைமுனைச் சன்னம் பற்றைகளை ஊடறுத்து நேரே செல்லும் என்ற வரியைக் கட்டுரையாளர் தயவுசெய்து நீக்கவேண்டும். சுள்ளியில் பட்டால் எந்தச் சன்னமும் திசைமாறலாம்.