காசு வாங்குவதற்கு முன்னால் சொல்ல வேண்டியதைக் கேட்டில் வந்து சொல்லாதீர்கள்

கடல் பூங்கா விளம்பரம் எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். நடுவில் இருப்பது மூன்று, நான்கு வயதுக் குழந்தை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டால்பின், இந்தப் பக்கம் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நிற்கும் பொடிசு. அந்தப் படத்தைக் காட்டித்தான் நம்மிடம் டிக்கெட் விற்கிறார்கள். ஆனால் அந்த வயதுக் குழந்தையோடு உள்ளே போனால் எதைப் பார்க்கலாம், எதில் ஏறலாம், எங்கே தூங்க வைக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. பணம் கட்டி, கேட்டைத் தாண்டி, வரிசையில் நின்று, குழந்தையின் முறை வந்த பிறகுதான் வரும். அதுவும் பெரும்பாலும் "முடியாது" என்பதாகத்தான் இருக்கும்.

விதிகள் இருப்பதில் எனக்குச் சண்டை இல்லை. அவற்றைக் காசு வாங்குகிறவரை சொல்லாமல் வைத்திருப்பதில்தான் என் வயிற்றெரிச்சல் எல்லாம்.

உயரக் கட்டுப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். வேகமான ரைடுகளுக்கு 122 சென்டிமீட்டர், அதைவிடக் கொஞ்சம் சாதுவானவற்றுக்கு 107 சென்டிமீட்டர் என்று பல நாட்டுப் பூங்காக்களில் பார்க்கலாம். 48 அங்குலம், 42 அங்குலம் என்ற கணக்கில் வந்தவை அவை. சீட்டும், மடியை அழுத்திப் பிடிக்கும் கம்பியும் ஒரு குறிப்பிட்ட உடம்பளவுக்காகச் செய்யப்பட்டவை. அதைவிடச் சின்ன உடம்பு அதில் நிற்காது, நழுவிவிடும். ஆகவே ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் ஏற்றாதீர்கள், அதில் நான் உங்கள் கட்சி.

சரி, இப்போது டிக்கெட் விலைப் பட்டியலுக்கு வாருங்கள். பல பூங்காக்களில் குழந்தைக்கு மூன்று வயது ஆகிவிட்டால் இலவசம் போயிற்று, குழந்தைக் கட்டணம் ஆரம்பம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி மூன்று வயதுக் குழந்தையின் நடுத்தர உயரம் 95, 96 சென்டிமீட்டர். 107-ஐத் தொட ஏறக்குறைய நாலரை வயதாக வேண்டும். 122 வேண்டுமென்றால் ஏழு வயது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றிலிருந்து நாலரை வரை, நல்ல வளர்த்தியான குழந்தையாக இல்லாவிட்டால், முழுக் குழந்தைக் கட்டணமும் கட்டி, அந்த இரண்டு வகை ரைடுகளில் ஒன்றில்கூட ஏற முடியாது. காசு வாங்கும்போது வயதைப் பார்க்கிறார்கள், ஏற்றும்போது உயரத்தைப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது விளம்பரத்தில் இருக்கிற அதே வயதுக் குழந்தை.

இந்த இரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்துப் போட்ட தளம் ஒன்றையாவது காட்டுங்கள் பார்ப்போம். விலை ஒரு இடத்தில் இருக்கும். ரைடுகள் வேறொரு இடத்தில் இருக்கும், அங்கேயும் ஒவ்வொரு ரைடாகத் திறந்து, கடைசி வரைக்கும் தள்ளிக்கொண்டே போனால் பொடி எழுத்தில் உயரம் இருக்கும். சிலவற்றில் அதுவும் இருக்காது, "பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது" என்று ஒரே வரி. செருப்போடு அளப்பார்களா, கழற்றச் சொல்வார்களா? இதைக்கூட எழுத மாட்டார்கள். எல்லையில் நிற்கிற குழந்தைக்கு அந்த இரண்டு சென்டிமீட்டர்தான் எல்லாமே.

அந்த அளவுக்கம்பி பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர்களுக்கு நான் ஏன் இப்படிக் கொதிக்கிறேன் என்று புரியும். மரத்தில் வெட்டிய பென்குவின் படம், அதன் கை நீட்டியிருக்கும் உயரம்தான் எல்லை. என் மகள் அதற்குக் கீழே போய் நின்றாள். முதுகை ஒட்டி வைத்தாள், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள், குதிகால் மெல்ல மேலே எழும்பியது. அங்கே நின்ற பெண் குனிந்து, "கால கீழ வைடா கண்ணு" என்றார். வைத்தாள். தலைக்கும் அந்தக் கைக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி. "நான் நிறைய சாப்பிட்டேன்ல?" என்று என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். அந்த ஊழியரின் மேல் எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை. அவர் வேலையைச் சரியாகச் செய்தார், அன்பாகவும் பேசினார். அவரை ஒரு நாளைக்கு நூறு குழந்தைகளை அழவைக்கும் இடத்தில் நிற்க வைத்தவர்கள் மேல்தான் கோபம். வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்து, "இந்த வருஷம் இது கிடையாதும்மா, அடுத்த வருஷம்" என்று கிளம்புவதற்கு முன்பே சொல்லியிருக்கலாம். அந்த வாய்ப்பை எங்களுக்குக் கொடுக்கவில்லை.

அடுத்தது காட்சி நேரங்கள். இதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

சின்னக் குழந்தைக்குப் பகல் தூக்கம் பெற்றோர் கொடுக்கும் செல்லம் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. மதியம் தூங்காத இரண்டு வயதுக் குழந்தை சாயங்காலம் என்ன ஆகும் என்று வளர்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு தகவல்: கடல் சிங்கம் காட்சி எத்தனை மணிக்கு? காலையில் என்றால் அதைப் பார்த்துவிட்டுத் தூங்க வைக்கலாம். மதியம் ஒன்றரைக்கு என்றால் திட்டத்தையே மாற்ற வேண்டும்.

பூங்காவுக்குப் போன் செய்து கேட்டேன். "அன்னிக்குக் காலையில ஆப்ல வரும் மேடம்" என்றார்கள். போன வாரம் எத்தனை மணிக்கு நடந்தது என்றாவது சொல்லுங்கள் என்றேன். "அது மாறிட்டே இருக்கும் மேடம்." அப்படியென்றால் காலையா மதியமா என்பது மட்டுமாவது? "நீங்க வந்துட்டு ஆப்ல பாத்துக்கலாம் மேடம்." ஆனால் டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். நாள் நெருங்க நெருங்க விலை ஏறும் என்று திரையில் சிவப்பு எழுத்தில் கணக்குக் காட்டுகிறார்கள். என் பணம் முன்னாலேயே வேண்டும், உங்கள் நேரம் மட்டும் அன்றைக்குத்தான் தெரியும் என்றால் இது எந்த ஊர் நியாயம்?

விலங்குகளின் உடல்நிலை பார்த்துத்தான் காட்சி நடக்கும், மின்னல் வந்தால் திறந்தவெளியில் எல்லாம் நின்றுவிடும். தெரியும். யாரும் சத்தியம் செய்யச் சொல்லவில்லை. "வழக்கமாகக் காலை பதினொன்று, மதியம் மூன்று, மாறலாம்" என்று ஒரு வரி போட்டால் குடியா முழுகிப் போகும்?

அப்புறம் அந்த டிக்கெட்டே தேதி குறித்தது. மாற்ற முடியாது, பணமும் திரும்பாது. ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கிற வீட்டில் மூன்று வாரம் கழித்து வரும் ஒரு சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு நெற்றி சுடும். ஒருவனுக்குக் காய்ச்சல் இறங்கினால் மற்றவளுக்கு வாந்தி. அந்த நிலைமையில் "கொடுத்த காசு போய்விடுமே" என்று மருந்தைக் கொடுத்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டாதீர்கள். காய்ச்சல் குழந்தையை ஆயிரம் பேர் கூடும் இடத்துக்குக் கொண்டுவர வைப்பது இந்த டிக்கெட் விதிதான். அந்தக் காய்ச்சல் அங்கே வருகிற மற்றக் குழந்தைகளுக்கும் போகும். தேதியை ஒரு தடவை மாற்றிக்கொள்ள விட்டாலே போதும், குழந்தைகள் கூடும் இடத்துக்கு அதைவிடப் பெரிய சுகாதார ஏற்பாடு வேண்டாம்.

ஸ்ட்ரோலர், அதாவது குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டி, அதன் கதை தனி. உள்ளே வாடகைக்குக் கொடுப்பார்கள், அது நல்ல வருமானம். ஆனால் காட்சி அரங்கத்துக்குள் கொண்டுபோகக் கூடாது, வெளியே நிறுத்த வேண்டும். படிக்கட்டு நடுவில் வண்டி நின்றால் அவசரத்தில் வழி அடைபடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு மணி நேரம் ஆட்டி ஆட்டி அப்போதுதான் தூங்கிய குழந்தையை வாசலில் வைத்து எழுப்ப வேண்டும் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால், தோளில் கட்டிக்கொள்ளும் துணித்தொட்டிலை எடுத்துவந்திருப்பேன். அதைச் சொல்ல ஆள் இல்லை. உள்ளே போனால் ஸ்பீக்கர் சத்தம். ஹெட்போன் மாட்டிப் பாட்டுக் கேட்கிற குழந்தைகளுக்கு 75 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வைத்திருக்கிறது. ஓர் அரங்கத்தின் சத்தத்தை அதனோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் கைக்குழந்தை திடுக்கிட்டு வீறிட்டு அழுகிற சத்தம் என்றால், "ஒலி அதிகமாக இருக்கும், காதுமூடி கொண்டுவாருங்கள்" என்று ஒரு வார்த்தை எழுதக்கூடாதா?

சின்னச் சின்னதாக இன்னும் இருக்கிறது. அண்டார்டிக் பென்குவின்கள் இருக்கும் கூடம் உறைநிலையை ஒட்டிய குளிரில் இருக்கும், ஆனால் ஸ்வெட்டர் கொண்டுவரச் சொல்ல மாட்டார்கள். முன்வரிசையில் தண்ணீர் தெறிக்கும் என்று பலகை இருக்கும்; அது கண்ணை எரிக்கும் குளிர்ந்த உப்புத்தண்ணீர் என்று பலகையில் இருக்காது. சில இடங்களில் ஸ்ட்ரா கொடுக்க மாட்டார்கள். விலங்குகள் விழுங்கிவிடும் என்பதால் அது மிகச் சரியான விதி, ஆனால் ஸ்ட்ரா இல்லாமல் குடிக்கத் தெரியாத குழந்தைக்கு மூடியுள்ள கோப்பையை வீட்டிலிருந்து எடுத்து வரலாம் என்றாவது சொல்லுங்கள்.

இதில் எனக்கு மனசு ஆறாத இன்னொன்று இருக்கிறது. தங்களிடம் டால்பின் காட்சி இப்போது நடக்கிறதா, இல்லையா என்பதையே சிலர் தெளிவாகச் சொல்வதில்லை. உலகம் மாறிக்கொண்டிருக்கிறது. இந்தியா 2013-இலேயே டால்பின்களை அடைத்து வைத்துக் காட்சி நடத்தும் டால்பினேரியங்களுக்கு அனுமதி கிடையாது என்று சொல்லிவிட்டது. கனடா 2019-இல் திமிங்கலம், டால்பின்களைப் புதிதாக அடைத்து வைப்பதற்குச் சட்டம் போட்டுத் தடை விதித்தது. பிரான்ஸும் 2021-இல் இந்தக் காட்சிகளுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது, அதன் தொடர்ச்சியாக அங்கே அன்டிப் நகரத்தில் இருந்த மரீன்லேண்ட் என்ற கடல் பூங்கா 2025 ஜனவரியில் மூடப்பட்டது. அமெரிக்காவில் கடல் பூங்காக்கள் நடத்தும் சீவேர்ல்டு நிறுவனம் ஓர்க்கா எனப்படும் கொலையாளித் திமிங்கலங்களை இனப்பெருக்கம் செய்வதை நிறுத்துவதாக 2016-இல் அறிவித்தது. இந்த விலங்குகளைத் தொட்டியில் வைத்து வித்தை காட்டுவதை என் பிள்ளைகள் பார்க்க வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டியது நான். அதற்கு எனக்கு விவரம் வேண்டும். என்ன விலங்கு இருக்கிறது, அது வித்தை காட்டுகிறதா, வெறுமனே நீந்துகிறதா, மீட்கப்பட்டு வந்ததா, அங்கேயே பிறந்ததா? "மறக்க முடியாத அனுபவம்" என்ற மூன்று வார்த்தையில் இதற்கெல்லாம் பதில் கிடையாது. குழந்தை அங்கே நின்று "இது ஏன் இவ்ளோ சின்ன தண்ணியில இருக்கு?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நான்தான், விளம்பரம் எழுதியவர் வரப்போவதில்லை.

பெற்றோர் மாறி மாறி ஏறும் ஏற்பாடு பல பூங்காக்களில் உண்டு. ஒருவர் வரிசையில் நின்று ரைடு போய் வரும்வரை மற்றவர் குழந்தையோடு காத்திருந்து, பிறகு திரும்ப வரிசையில் நிற்காமலே அவரும் ஏறலாம். எவ்வளவு நல்ல யோசனை! ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள். கேட்கத் தெரியாதவர்கள் ஒருவர் மட்டும் ஏறிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். டயப்பர் மாற்றும் இடமும் பால் கொடுக்கும் அறையும் அப்படித்தான். ஐஸ்கிரீம் கடைகள் எல்லாம் வரைபடத்தில் பளிச்சென்று இருக்கின்றன, இவை மட்டும் ஒரு சின்னப் புள்ளி.

"குழந்தைகளை வைத்துக்கொண்டு போனால் அப்படித்தான், கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்" என்று எங்கள் குடும்பத்திலேயே சொல்கிறார்கள். அத்தை சொன்னார், "எங்க காலத்துல இதெல்லாம் பாத்தா போனோம்?" அத்தை, உங்கள் காலத்தில் ஆறு மாதச் சேமிப்பைக் கொட்டி, தேதி போட்டு, திரும்பாத டிக்கெட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் போகவில்லை. போனீர்கள், பிடிக்கவில்லையென்றால் திரும்பினீர்கள்.

நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். "ஐந்து வயதுக்குக் கீழே குழந்தையோடு வருகிறீர்களா?" என்று தலைப்புப் போட்டு, பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே வையுங்கள். 90 சென்டிமீட்டரில் எதில் ஏறலாம், 100-இல் எது, 107-இல் எது. செருப்போடா, இல்லாமலா. காட்சிகள் வழக்கமாக எத்தனை மணிக்கு. ஸ்ட்ரோலர் எங்கே நிற்க வேண்டும். எங்கே குளிரும், எங்கே நனையும், எங்கே சத்தம். குழந்தைக்கு உடம்பு முடியாமல் போனால் தேதியை எப்படி மாற்றுவது. இந்த விவரம் அத்தனையும் உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. உங்கள் ஊழியர்கள் தினமும் வாயால் சொல்லிக்கொண்டிருப்பதுதான். எழுதிப் போட ஒரு மத்தியானம் போதும்.

இதையெல்லாம் கேட்டுப் பூங்காவுக்கு எழுதியிருக்கிறேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று தானாக ஒரு பதில் வந்தது, அவ்வளவுதான். உண்மையான பதில் வருகிறவரை எங்கள் வீட்டிலிருந்து ஒரு டிக்கெட்டுக்கும் பணம் போகாது. சிறு குழந்தைகள் இருக்கிற மற்றவர்களும் பணம் கட்டும் முன் இதே கேள்விகளைப் போன் போட்டுக் கேளுங்கள். திரும்பத் திரும்பக் கேளுங்கள்.