சொராரிட்டிப் பெண்களின் சராசரி அதிகம் என்பதால், அதில் சேர்ந்தால் மதிப்பெண் ஏறும் என்று அர்த்தமில்லை

"அமெரிக்கக் கல்லூரிகளில் சொராரிட்டிப் பெண்களின் சராசரி ஜிபிஏ மற்ற மாணவிகளைவிட அதிகம், அதனால் சேர்ந்தாலே படிப்பு தேறும்" என்று ஒருவர் அட்டவணையோடு எழுதியிருக்கிறார். சொராரிட்டி என்பது மாணவிகள் மட்டும் சந்தா கட்டிச் சேரும், பல இடங்களில் ஒரே வீட்டில் தங்கும் கல்லூரிச் சங்கம்; ஜிபிஏ என்பது எல்லாப் பாடங்களுக்குமான மதிப்பெண் சராசரி. முதல் பாதி பல கல்லூரிகளில் சரி. அங்கே செமஸ்டர்தோறும் சொராரிட்டி சராசரியையும் மொத்த மாணவிகள் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடுவார்கள். "அதனால்" என்பதுதான் இடிக்கிறது.

சேரவே குறைந்தபட்ச ஜிபிஏ கேட்பார்கள். சேர்ந்த பின் அதற்குக் கீழே போனால் எச்சரிக்கை, விருந்துகளுக்குத் தடை, கடைசியில் உறுப்பினர் தகுதியே போகலாம். விலகியவரின் மதிப்பெண் அடுத்த கணக்கில் வராது. வாசலில் வடிகட்டி, உள்ளேயும் வடிகட்டி எடுத்த சராசரியை எல்லாரோடும் ஒப்பிட்டால் உயரமாகத்தானே தெரியும்? சந்தா கட்ட வசதி உள்ளவர்களே சேர முடியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்காகப் படிப்பு வெறும் ஒப்புக்கு என்று சொல்லவில்லை. 1908-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற சொராரிட்டியின் நோக்கங்களில் உயர்ந்த கல்வித் தரமும் ஒன்று. பல கிளைகளில் படிப்பைக் கவனிக்கவே ஒரு பொறுப்பாளர் உண்டு. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் நூலகத்தில் என்ற விதியும் உண்டு. என் கணிப்பில் அதைவிட உதவுவது, அதே பாடத்தை முந்தைய வருடம் முடித்த ஒரு அக்கா பக்கத்து அறையில் இருப்பதுதான்.

உண்மையில் உதவியதா என்று பார்க்க, அதே பெண்ணின் சேர்வதற்கு முந்தைய, பிந்தைய மதிப்பெண்களை எடுத்து, சேராத அதே தர மாணவிகளோடு ஒப்பிட வேண்டும். அவர் காட்டிய அட்டவணையில் அது இல்லை.