ருஸ்தமின் சாயலில் மோசே

பாரசீகக் காப்பியம் என்றதும் பேச்சு ஈரானிய மன்னர்களின், வீரர்களின் கதையைப் பாடும் ஃபிர்தௌசியின் ஷாநாமாவில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் சமயப் பெரியவர்களை நாயகர்களாக்கி எழுந்த காப்பியங்களை 'ஷாநாமாவின் நகல்கள்' என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

முதலில் சந்தத்தைப் பார்ப்போம். 1010இல் முடிந்த ஷாநாமாவின் யாப்புக்கு முத்தகாரிப் என்று பெயர். ஃபஊலுன் ஃபஊலுன் ஃபஊலுன் ஃபஅல். நம் வாய்பாட்டில் ஏறக்குறைய புளிமா புளிமா புளிமா மலர். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாலாவது சீரில் சட்டென்று நின்றுவிடும். அந்த ஓசை காதில் விழுந்தாலே ஷாநாமாவின் பெருவீரன் ருஸ்தம் வரப்போகிறான் என்று கேட்பவர்களுக்குத் தோன்றும் அளவுக்கு அது போர்க்கதையோடு ஒட்டிக்கொண்டது.

எண்பது ஆண்டுகூட ஆகவில்லை, 1089வாக்கில் ரபீஉ என்ற ஷியா கவிஞர் அதே சந்தத்தில் 'அலி நாமா' எழுதினார். ஷாநாமா அழகான பொய், நபிகளின் மருமகன் அலியின் கதைதான் உண்மை என்று தன் மக்களிடம் சொல்கிறார். நகலெடுக்க வந்தவர் மூல நூலோடு சண்டை போடுவாரா? அவர் பாடிய ஜமல், ஸிஃப்பீன் போர்கள் முஸ்லிம்களுக்குள்ளேயே நடந்தவை; எதிரே நிற்பவர்களும் தொழுகிறவர்கள்தான். அரக்கனை வெட்டிச் சாய்க்கும் எளிய வீரம் அங்கே செல்லாது.

அரக்கர்கள் வந்தது பிறகு. கிழக்கு ஈரானில் பீர்ஜந்த் பக்கம் குஸ்ஃப் என்ற ஊரின் விவசாயி இப்னு ஹுஸாம் 1427இல் முடித்த 'காவரான் நாமா'வில் அலி கீழ்த்திசை நாடுகளில் மன்னர்களோடும் பூதங்களோடும் பொருதுகிறார். வயலுக்குப் போகும்போது தோன்றிய பாட்டை மண்வெட்டிக் காம்பில் எழுதி வைப்பாராம் இந்தக் கவிஞர். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஈரடிகள். அரசவையில் பரிசு வாங்க எழுதியவற்றைவிட எனக்கு இதன் மேல்தான் பிரியம் அதிகம்.

ஆனால் என்னை மிகவும் அசைத்தது ஷீராஸின் ஷாஹீன். யூதர். பாரசீக மொழியை எபிரேய எழுத்தில் எழுதியவர். 1327இல் அவர் பாடிய 'மூஸா நாமா'வில் மோசே வெறும் தீர்க்கதரிசி அல்ல, ருஸ்தமைப் போலக் கொடிய விலங்குகளோடு மோதுகிற வீரர். அப்புறம் 'அர்தஷீர் நாமா'வில் பைபிளில் வரும் யூத அரசி எஸ்தரின் கதையை ஈரானிய அரசர்களின் கதையோடு பின்னிவிட்டார். ஒரு சிறுபான்மைச் சமூகம் தன் வேதத்தை ஊர்க்காரர்களின் வீர மொழியிலேயே சொல்லி, இந்த மண்ணும் மொழியும் எங்களுக்கும் உரியவை என்கிறது. இதை நகல் என்று எப்படிச் சொல்ல மனம் வரும்?

இந்தப் பேரலை தெற்கேயும் வந்தது. பீஜப்பூரில் அரசி கதீஜா சுல்தானா கேட்டுக்கொள்ள, ருஸ்தமி என்ற கவிஞர் 1649இல் காவரான் நாமாவைத் தக்கினி உருதுவில் பாடினார். தமிழ் முஸ்லிம் புலவர்களின் 'நாமா' என்ற இலக்கிய வகைப் பெயரும் பாரசீகச் சொல்தான். போர்க்கதைகளைப் பாடும் அவர்களின் 'படைப்போர்' நூல்களிலும் அலியார் வாளேந்தி வருகிறார். உங்கள் ஊரில், வீட்டில், பெரியவர்கள் படைப்போரை ராகம் போட்டுப் பாடிக் கேட்டிருக்கிறீர்களா? எந்த ஊர், எந்தப் படைப்போர், யார் பாடுவார்கள் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள்.