“ரெண்டும் ஒண்ணா?”

ஒரு ஒப்புமை சொல்லி வாய் மூடுவதற்குள் “ரெண்டும் ஒண்ணா?” என்று பாய்ந்து வருகிறார்கள். ஒண்ணு இல்லைங்க. ஒண்ணா இருந்தா எதுக்குங்க “மாதிரி”ன்னு ஒரு வார்த்தை?

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். “பவளம் போன்ற சிவந்த வாய்.” பவளம் உவமானம், வாய் உவமேயம், “போன்ற” உவம உருபு, சிவப்பு பொதுத்தன்மை. பவளம் கெட்டியாச்சே, கடலில் விளைவதாச்சே, வாய் அப்படியா என்று அங்கே எவரும் மல்லுக்கு நிற்பதில்லை. பேச்சு நிறத்தைப் பற்றி என்று தெரிகிறது. வினை, பயன், மெய், உரு என்று ஒப்புமை வரும் வழி நான்கைத் தொல்காப்பியம் பிரித்தே வைத்திருக்கிறது: செய்கையில் ஒக்கிறதா, பலனிலா, வடிவிலா, நிறத்திலா? “எதுல மாதிரி?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கும். அதைத்தான் கேட்க மாட்டார்கள்.

“பாஸ்வேர்டை நாலு பேருக்குக் கொடுக்கிறது வீட்டுச் சாவியை நாலு பேருக்குக் கொடுக்கிற மாதிரி” என்றால் உடனே பதில்: “சாவி இரும்பு, இது வெறும் எழுத்து.” சரி, அதனால்? யார் உள்ளே வருகிறார்கள் என்பது உங்கள் கையை விட்டுப் போகிறது என்பதுதானே சொன்ன விஷயம்? இரும்பு அதை எங்கே தொடுகிறது? உண்மையான வேறுபாடு வேண்டுமா, நானே தருகிறேன். பாஸ்வேர்டை ஒரு நிமிஷத்தில் மாற்றலாம், பூட்டை மாற்ற ஆள் வர வேண்டும். இது என் வாதத்தைத் தளர்த்தும். சாவி தொலைந்தால் தெரியும், பாஸ்வேர்டை ஒருவர் பார்த்து எழுதிக்கொண்டால் தெரியவே தெரியாது. இது என் வாதத்தை இறுக்கும். வேறுபாடு என்றால் இப்படிப் பொதுத்தன்மையின் மேல் விழ வேண்டும்.

இதைவிட எரிச்சல் இன்னொரு ரகம். “பத்து நாள் ஒழுங்கா வந்தேன், பதினோராம் நாள் சொல்லாம லீவு போட்டா என்ன?” என்கிறார் ஒருவர். “பத்து நாள் திருடலை, பதினோராம் நாள் திருடினா என்னன்னு கேட்கிற மாதிரி இருக்கு” என்று பதில் சொன்னால், “அப்போ நான் திருடனா?” ஐயோ! ஒப்பிட்டது ஆளையும் இல்லை, குற்றத்தின் அளவையும் இல்லை. “முன்னாடி சரியா இருந்தேன், அதனால இப்ப தப்பு செய்யலாம்” என்ற நியாயத்தின் அமைப்பை. அது ஓட்டை என்பது எல்லாருக்கும் பளிச்சென்று தெரியட்டும் என்றுதான் யாரும் மறுக்க முடியாத இடமாகப் பார்த்துத் திருட்டை எடுப்பது. திருட்டுதான் தப்பு, சொல்லாமல் லீவு போடுவது தப்பே இல்லை என்று வாதாடுங்கள், கேட்கிறேன். கோபித்துக்கொண்டு எழுந்து போனால் என்ன செய்வது?

உவமை சொல்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மின்சாரத்துக்குத் தண்ணீர்க் குழாய் நல்ல உவமைதான்: அழுத்தம் வோல்டேஜ், ஓட்டம் கரன்ட், குறுகலான குழாய் மின்தடை. அதோடு நிறுத்த வேண்டியதுதானே? குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும், வயரை வெட்டினால் கரன்ட் நின்றுவிடும். அந்த இடத்தில் உவமை படுத்துவிட்டது. அதற்குப் பிறகும் “அப்போ குழாய்ல ஒரு வால்வு வெச்சுக்கோங்க, அந்த வால்வுக்கு ஒரு மூடி வெச்சுக்கோங்க” என்று ஒட்டுப் போட்டுக்கொண்டே போவார்கள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் ரெண்டு பேரும் பிளம்பிங் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள், மின்சாரத்தை யாரும் சீண்டுவதில்லை.

அரசாங்கத்தின் கடனை ஒரு குடும்பம் வாங்கும் கடனோடு ஒப்பிடுவதும் இதே கதைதான். எந்த வீட்டுக்கு வரி போடும் அதிகாரம் இருக்கிறது? அங்கே “ரெண்டும் ஒண்ணா?” என்று கேட்க வேண்டும். அங்கே மட்டும் எல்லாரும் “ஆமாம், கரெக்ட்” என்று தலையாட்டுகிறார்கள்!