ஆய்வுக் கட்டுரைக்குச் செய்தியில் கடைசிப் பத்திதான் இடமா?

அரசு ஒரு கொள்கையை அறிவிக்கிறது. அமைச்சர் அதை வரலாற்றுச் சிறப்புமிக்கது என்கிறார், எதிர்க்கட்சித் தலைவர் மக்கள் விரோதம் என்கிறார், கடைசிப் பத்தியில் ஒரு பேராசிரியர் சாதகமும் பாதகமும் உண்டு என்று இரண்டு வரி சொல்கிறார். இதே கொள்கையை இதற்கு முன் வேறெங்காவது நடைமுறைப்படுத்தினார்களா, அப்போது என்ன நடந்தது என்ற கேள்விக்கு மட்டும் அந்தச் செய்தியில் விடை இருப்பதில்லை. பேராசிரியரிடம் கருத்துக் கேட்பதையே ஆய்வைப் பயன்படுத்துவதாகப் பல செய்தி அறைகள் எண்ணிக்கொண்டிருக்கின்றன. ஆய்வு வேண்டியிருப்பது செய்தியாளர் அமைச்சரிடம் கேள்வி கேட்கப் போவதற்கு முன்பு; எழுதி முடித்தபின் ஒட்டவைப்பதற்கு அன்று.

குறைந்தபட்ச ஊதியத்தையே எடுத்துக்கொள்வோம். ஊதியத்தை உயர்த்தினால் வேலைகள் குறையும் என்பது பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்த கணக்கு. 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் மணிக்கு 4.25 டாலராக இருந்த குறைந்தபட்ச ஊதியத்தை 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் இரு பக்கமும் சேர்த்து 410 துரித உணவகங்களை, உயர்வுக்கு முன்பும் சில மாதங்கள் கழித்தும், தொடர்புகொண்டு எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். நியூஜெர்சியில் வேலைகள் குறைந்ததற்கான தடயம் கிடைக்கவில்லை என்று 1994இல் அவர்கள் எழுதியது பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. வேறு இரு ஆய்வாளர்கள் உணவகங்களின் சம்பளப் பதிவேடுகளை வைத்து அந்த முடிவை மறுத்தார்கள். கார்டும் க்ரூகரும் புதிய தரவுகளோடு திரும்ப வந்தார்கள். 2021இல் பொருளியல் நோபல் பரிசின் ஒரு பாதி கார்டுக்குக் கிடைத்தபோது க்ரூகர் உயிரோடு இல்லை. பரிசுக்குப் பிறகும் விவாதம் ஓய்ந்துவிடவில்லை.

இந்த வரலாறு தெரிந்த செய்தியாளர், ‘ஊதிய உயர்வால் வேலை போகாது என நிரூபணம்’ என்று தலைப்பு வைக்க மாட்டார். வைத்தால் அதுவும் தவறே. அவரிடம் கேள்விகள் மாறியிருக்கும். உயர்வு எவ்வளவு? இப்போது சந்தையில் நிலவும் கூலிக்கும் அதற்கும் இடைவெளி எவ்வளவு? கூடுதல் செலவை முதலாளி விலையில் ஏற்றுவாரா, லாபத்தில் குறைத்துக்கொள்வாரா, ஆளைக் குறைப்பாரா? அந்த 1994 ஆய்விலேயே உணவு விலை உயர்ந்ததற்கான அறிகுறிகள் இருந்தன. தொழிற்சங்கத் தலைவரும் வணிகர் சங்கத் தலைவரும் இத்தகைய கேள்விகளுக்குத் தயாராக வந்திருக்க மாட்டார்கள். அந்தச் சங்கடத்தில்தான் நல்ல செய்தி பிறக்கிறது என்பது என் எண்ணம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆய்வு என்று சொன்னவுடன் கைகட்டி நிற்பது, ஆய்வைப் படிக்காமல் இருப்பதைவிட மோசமான பழக்கம். ஒரு நாட்டின் பொதுக்கடன் அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடும் என்ற பொருள்பட கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற பொருளியலாளர்கள் 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். செலவைக் குறைத்தே தீரவேண்டும் என்று வாதிட்ட அரசியல்வாதிகளுக்கு அந்த 90 மந்திரம்போல் ஆகிவிட்டது. 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் பயின்ற தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அவர்களுடைய எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கித் திறந்து பார்த்தபோது, சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருப்பது தெரிந்தது. வேறு சில தரவுகள் சேர்க்கப்படாததையும் சராசரியில் ஒவ்வொரு நாட்டுக்கும் எவ்வளவு பங்கு என்று தரப்பட்ட எடைமதிப்பையும் கணக்கில்கொண்டு அவரும் அவருடைய பேராசிரியர்களும் திரும்பக் கணக்கிட்டபோது, அதிகக் கடன் நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றிருந்தது 2.2 சதவீதமாக மாறியது. எக்செல் பிழையை ஒப்புக்கொண்ட மூல ஆசிரியர்கள் மற்றக் குறைகளை ஏற்கவில்லை.

எந்தச் செய்தியாளரும் எக்செல் கோப்பைத் துருவியிருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கடன் மிகுந்ததால் வளர்ச்சி குன்றியதா, வளர்ச்சி குன்றியதால் கடன் மிகுந்ததா என்று கேட்பதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. இரண்டு விஷயங்கள் சேர்ந்து நிகழ்வதும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாவதும் வெவ்வேறு என்பதைச் செய்தி மேசையில் ஒருவராவது விடாமல் நச்சரித்துக்கொண்டிருக்க வேண்டும்.

எண்களை எப்படிச் சொல்கிறோம் என்பதும் சின்ன விஷயமல்ல. 1995இல் பிரிட்டனில் மருந்துப் பாதுகாப்புக் குழு, மூன்றாம் தலைமுறை எனப்பட்ட புதுவகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தம் உறையும் அபாயத்தை இரட்டிப்பாக்குகின்றன என்று எச்சரித்தது. செய்திகளும் அப்படியே பரவின. ஏழாயிரம் பெண்களில் ஒருவருக்கு இருந்த அபாயம் இருவருக்கு என்று ஆகியிருந்தது, அவ்வளவுதான். அஞ்சிப்போன பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 13,000 கருக்கலைப்புகள் கூடின என்று மதிப்பிடப்படுகிறது. கர்ப்பத்திலும் ரத்தம் உறையும் அபாயம் உண்டு என்பதும், அது அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதும் அந்தப் பரபரப்பில் அமுங்கிப்போயின. ‘இரட்டிப்பு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘எத்தனையில் எத்தனை’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கவேண்டும் என்று ஒரு செய்தி நிறுவனம் விதி வைத்துக்கொண்டால் அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

பழியெல்லாம் செய்தியாளர்கள் தலையில் என்று சொல்வதும் நியாயமில்லை. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2014இல் வந்த ஓர் ஆய்வு, இருபது பல்கலைக்கழகங்கள் உடல்நலம் சார்ந்து வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை மூலக் கட்டுரைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. அவற்றில் சுமார் 40 சதவீதம், கட்டுரையில் இருந்ததைவிட மிகைப்படுத்திய அறிவுரையை வாசகருக்கு வழங்கியிருந்தன. குறிப்பு மிகைப்படுத்தினால் அதை ஒட்டி வந்த செய்திகளும் பெரும்பாலும் மிகைப்படுத்தின. ஆக, செய்திக்குறிப்பை மட்டும் படித்து எழுதுபவர் பல்கலைக்கழகத்தின் விளம்பரத் துறைக்குச் சம்பளமில்லா ஊழியராகிவிடுகிறார்.

நேரமில்லை என்ற பதிலை நான் முழுதாக ஏற்கவில்லை. மாலைக்குள் செய்தி தரவேண்டியவர் அன்றைக்கே நாற்பது பக்கம் படிக்க முடியாதுதான். ஆனால் பொதுக்கொள்கையில் திரும்பத் திரும்ப வரும் தலைப்புகள் கொஞ்சமே: கூலி, வீட்டு வாடகை, பள்ளித் தேர்வு, பேருந்துக் கட்டணம், மதுவரி. இவை ஒவ்வொன்றுக்கும் முறைசார் ஆய்வுத் தொகுப்புகள், அதாவது ஒரு தலைப்பில் வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி எடைபோடும் கட்டுரைகள், இருக்கின்றன. ஒற்றை ஆய்வைத் துரத்தாமல் அவற்றிலிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஊடக ஆய்வு மையமான ஷோரன்ஸ்டீன் மையம் செய்தியாளர்களுக்காகவே ஆய்வுச் சுருக்கங்களைப் பல ஆண்டுகளாக இலவசமாக வெளியிட்டுவருகிறது.

ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போது அதன் தொடக்கத்திலுள்ள சுருக்கத்தோடு நின்றுவிடாமல், யாரிடம் தரவு எடுத்தார்கள், எத்தனை பேரிடம், யாரோடு ஒப்பிட்டார்கள், பணம் கொடுத்தது யார் என்று பார்த்துவிட்டு, வரம்புகள் பற்றிய பகுதிக்குப் போகவேண்டும். பெரும்பாலான ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையின் பலவீனத்தை அங்கே தாங்களே எழுதிவைத்திருப்பார்கள். பிறகு ஆய்வாளரிடம், உங்கள் முடிவு எங்கே பொருந்தாது, உங்களோடு உடன்படாத நல்ல ஆய்வாளர் யார் என்று இரண்டு கேள்விகள் கேட்கலாம். இரண்டாவதற்குப் பெயர் சொல்லத் தயங்குபவரின் மேற்கோளை நான் ஆசிரியராக இருந்தால் சற்றுத் தள்ளியே வைப்பேன். பணம் கட்டினால்தான் படிக்க முடியும் என்று கட்டுரை கட்டணச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது என்பதும் பெரிய தடையல்ல. ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டால் பெரும்பாலோர் பிரதியை மகிழ்ச்சியோடு அனுப்பிவைப்பார்கள்.