உங்க மேல வெயில் பட்டு எத்தனை நாள் ஆச்சு?

அப்பா இறந்த ஐந்தாவது மாதம் ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கப் போனேன். சின்ன வயதைப் பற்றிக் கேட்பார், அப்பாவைப் பற்றிக் கேட்பார், அழுதுவிடுவேன் என்று நினைத்து கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா முதலில் கேட்டது, "உங்க மேல வெயில் பட்டு எத்தனை நாள் ஆச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டிலிருந்தே வேலை. ஜன்னல் திரையை விலக்கியே பல வாரம் ஆகியிருந்தது. அடுத்தடுத்த கேள்விகளும் இப்படித்தான். எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், எழுந்ததும் முதலில் எதைப் பார்க்கிறீர்கள், கடைசியாக யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், கீபோர்டு தட்டுவது தவிர கையால் என்ன வேலை செய்கிறீர்கள். அப்பாவைப் பற்றிய பேச்சு மூன்றாவது செஷனில்தான் வந்தது. அதுவும் நானாகத்தான் எடுத்தேன்.

அவர் செய்தது இயற்கையை ஒட்டிய, முழு ஆளையும் பார்க்கிற உளவியல் சிகிச்சை. அப்படிச் சொன்னாலே பலருக்கும் மூலிகை, ஊதுபத்தி, மலை மேல் மூன்று நாள் முகாம் என்றுதான் தோன்றுகிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. இன்று கேட்டால், அது முதலில் ஒரு பார்வை என்பேன். மனிதனைப் பழுதான இயந்திரமாகப் பார்க்காமல் உயிருள்ள ஒன்றாகப் பார்ப்பது. நாம் நம்மைப் பற்றிப் பேசும் பேச்சைக் கவனியுங்கள். 'சார்ஜ் இறங்கிடுச்சு', 'மூளை ஹேங் ஆகுது', 'ரீசெட் பண்ணணும்'. செடி வாடினால் யாரும் செடியைக் கழற்றிப் பார்ப்பதில்லை. மண் எப்படி இருக்கிறது, வேரில் தண்ணீர் தேங்குகிறதா, வெளிச்சம் எந்தப் பக்கம் என்றுதான் பார்க்கிறோம்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் தன் சிறுவயது நினைவு ஒன்றைச் சொல்லியிருக்கிறார். குளிர்காலத்துக்காக அவர் வீட்டின் நிலவறையில் உருளைக்கிழங்கைக் கொட்டி வைப்பார்கள். பல அடி உயரத்தில் ஒரே ஒரு சின்ன ஜன்னல். மண்ணில்லை, தண்ணீரில்லை. ஆனாலும் கிழங்கு முளை விடும். வயலில் வருகிற பச்சை முளை இல்லை, வெளிறிப்போய், நீள நீளமாக அந்த ஜன்னலை நோக்கியே வளரும். மனநல மருத்துவமனைகளில் வருடக்கணக்கில் அடைந்து கிடந்தவர்களைப் பார்க்கும்போது அவருக்கு அந்த முளைகள்தான் ஞாபகத்துக்கு வருமாம். கோணலாகத் தெரிகிற நடத்தைகூட கிடைத்த சூழலில் வெளிச்சத்தைத் தேடுகிற முயற்சிதான் என்பது அவர் வாதம். இதைப் படித்த அன்று, ராத்திரி மூன்று மணி வரை பழைய போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த என்மேல் எனக்கே முதல்முறையாகக் கொஞ்சம் இரக்கம் வந்தது.

ஜப்பானில் ஷோமா மொரிடா என்கிற மனநல மருத்துவர் 1919 வாக்கில், கடும் பதற்றத்தால் அவதிப்பட்டவர்களுக்கு ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். முதல் சில நாட்கள் தனியே படுத்திருக்க வேண்டும். புத்தகம், பேச்சு எதுவும் கிடையாது. அப்புறம் தோட்டத்தில் லேசான வேலை. அப்புறம் கொஞ்சம் கடினமான வேலை. அதன் பிறகே வழக்கமான வாழ்க்கை. பயமும் துக்கமும் வானிலை மாதிரி, தானாக வரும், தானாகப் போகும், அதை விரட்டுவதிலேயே நேரத்தைச் செலவிடாமல் செய்ய வேண்டியதைச் செய் என்பதுதான் அவர் சொன்னது. நூறு வருடத்துக்கு முந்தைய இந்தச் சிகிச்சை எனக்கு இன்றும் புதிதாகத் தெரிகிறது.

நான்காவது செஷனிலிருந்து நாங்கள் வெளியே நடந்தபடி பேசினோம். எதிரெதிரே உட்கார்ந்தால் என்னால் வாய் திறக்க முடியாது. பக்கத்தில் நடக்கும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. பேச்சு நின்றுபோனாலும் கால் நடந்துகொண்டிருக்கும், அதனால் அந்த மௌனம் சங்கடமாக இல்லை. ஒரே நினைப்பை மாடு மாதிரி அசைபோடுவது அங்கே கொஞ்சம் குறைந்தது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைப் பற்றியதுதான். 90 நிமிடம் அங்கங்கே மரங்கள் நிற்கும் புல்வெளியில் நடந்தவர்களிடம் இந்த அசைபோடுதல் குறைந்திருந்தது, அதோடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் செயல்பாடும் குறைந்திருந்தது. வண்டிகள் ஓயாமல் ஓடும் சாலையோரம் நடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் ஆரோக்கியமானவர்கள், அதுவும் நாற்பது பேருக்கும் குறைவு. நோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அதைப் பகிர்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு இதில் உண்மையான கோபம் ஒன்று உண்டு. 'மாத்திரையைத் தூக்கிப் போடு, மரத்தைக் கட்டிப்பிடி' என்கிற பேச்சு. மனச்சோர்வு முற்றியவருக்குக் கட்டிலிலிருந்து எழுந்து பல் தேய்ப்பதே மலை ஏறுவது மாதிரி. அவரிடம் போய் 'வாக்கிங் போனா சரியாயிடும்' என்பது கொடுமை. நான் எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். என்னை எழுப்பி நடக்க வைத்ததே அதுதான் என்று நம்புகிறேன். சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறவர் பூங்காவைத் தேட வேண்டாம், உடனே மருத்துவரைத் தேட வேண்டும். முழு ஆளையும் பார்ப்பது என்றால் அந்த ஆளின் மூளையையும் உடம்பையும் சேர்த்துத்தானே?

வெளியே நடக்கும் சிகிச்சைக்கு நல்ல ஆலோசகர் முன்கூட்டியே சில விஷயங்களைப் பேசி வைப்பார். தெரிந்தவர் யாராவது எதிரே வந்தால் என்ன சொல்வது என்று நாங்கள் முதலிலேயே முடிவு செய்திருந்தோம். 'கூட வேலை செய்றவங்க', அவ்வளவுதான். எனக்கு நடக்க முடியுமா, திறந்த வெளியில் பயமிருக்கிறதா, நடுவில் அழுகை வந்தால் எங்கே உட்காரலாம் எல்லாம் கேட்டார். இதெல்லாம் கேட்காமல் 'வாங்க, இயற்கையோடு கலப்போம்' என்பவரிடம் தயவுசெய்து போகாதீர்கள்.

அப்புறம் அந்த மரம். நாங்கள் நடக்கிற வழியில் ஒரு பழைய மரம், அதன் தண்டுக்குள் வேலிக்கம்பி. யாரோ எப்போதோ மரத்தில் கட்டிய கம்பி. மரம் பருத்துப் பருத்து அதை விழுங்கிவிட்டிருந்தது. ஒரு பக்கம் உள்ளே போகிற கம்பி, மறுபக்கம் துருப்பிடித்து வெளியே வருகிறது. சுற்றிலும் பட்டை உதடு மாதிரி தடித்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன், மற்ற இடத்தைவிட வழவழப்பாக இருந்தது.

"இது எப்போ ஆறும்?" என்று கேட்டேன். மரத்தைப் பற்றித்தான் கேட்டேன், ஆனால் இருவருக்கும் தெரியும்.

"மரத்துக்கு நம்ம தோல் மாதிரி புண் ஆறாது" என்றார். பிறகு தேடிப் படித்தேன். அலெக்ஸ் ஷைகோ என்கிற அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். காயம்பட்ட கட்டையை மரம் மறுபடி பழையபடி ஆக்குவதில்லை. அதைச் சுற்றித் தடுப்பு எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்துவிட்டு, வெளியே புதுக் கட்டையை வளர்க்கிறது. காயம் உள்ளேயே இருக்கும், மரம் சாகிற வரைக்கும்.

எப்போது பழைய ஆளாவேன் என்றுதான் அதுவரை ஒவ்வொரு செஷனிலும் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கேட்கவில்லை. திரும்பி நடக்கும்போது, அப்பா கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரியில் ஜன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பச் சொன்னதையும், இதோ அதோ என்று நான் திருப்பாமலே விட்டதையும் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அவர் எதுவும் சொல்லவில்லை. வெயில் ஏறியிருந்தது. இன்னும் ஒரு சுற்று நடந்தோம்.