பூச்சிகளை மட்டும் பகிர்கிறவர்களுக்கு

அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கிரம்ப் நான்கு தந்திக் கருவிகளுக்கு எழுதிய 'பிளாக் ஏஞ்சல்ஸ்' மறுபடி டைம்லைனில் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. வழக்கம்போல முதல் ஒன்றரை நிமிடம் மட்டும். தைரியம் இருந்தால் இருட்டில் ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள் என்று ஒரு சவால் வேறு. அந்தப் பகுதி 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தில் வந்தது உண்மைதான். அதற்காக மொத்தத்தையும் பேய்ப்படப் பின்னணி இசை என்று ஓரம்கட்டிவிடுவதா?

நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. முதல்தடவை அப்படித்தான் கேட்டேன். இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்று, இன்னும் பெரிய செல்லோ ஒன்று, நான்கும் ஒலிபெருக்கி வழியாகக் கிறீச்சிடுகின்றன. இந்த முதல் பகுதிக்கு 'மின்பூச்சிகளின் இரவு' என்று பெயர். காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி இருந்தது. நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். ஆறாவது பகுதி வரை போய்ச் சேர எனக்கு மூன்று வருடம் ஆனது.

மொத்தம் 13 பகுதிகள். 7, 13 என்ற இரண்டு எண்களைப் பிடித்துக்கொண்டு கிரம்ப் இதைக் கட்டியிருக்கிறார். எழுதி முடித்தது 1970 மார்ச் 13, வெள்ளிக்கிழமை என்று இசைக்குறிப்பிலேயே போட்டு, கூடவே லத்தீனில் 'போர்க்காலத்தில்' என்றும் குறித்திருக்கிறார். வியட்நாமில் குண்டு விழுந்துகொண்டிருந்த நேரம். வாசிப்பவர்கள் வேறு வேறு மொழிகளில் எண்களை உச்சரிக்கிறார்கள், கத்துகிறார்கள். எண் ஜோசியம் பிடித்தவர்களுக்கு இதில் தீனி உண்டு. எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை.

ஆறாவது பகுதிக்கு வருகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் 'மரணமும் கன்னியும்' மெட்டு இங்கே வருகிறது. ஆனால் வாசிக்கும் விதத்தைப் பாருங்கள். வில்லை வழக்கமான இடத்தில் வைக்காமல், இடது கை விரல்களுக்கும் பிருடைக்கும் (தந்தியை முறுக்கும் ஆணி) நடுவில் வைத்து இழுக்கிறார்கள். ஒலி மெலிந்து, வறண்டு, ஏதோ பழைய காலத்துக் கருவியிலிருந்து வருவதுபோல ஆகிவிடுகிறது. இதை வாசிப்பது மூன்று பேர். நான்காவது ஆள் சும்மா இருக்கிறாரா? நடுநடுவே அதே பூச்சிச் சத்தத்தை லேசாக எழுப்பிக்கொண்டே இருக்கிறார். எனக்கு முதுகு சில்லிட்டது இங்கேதான், ஆரம்பத்துக் கிறீச்சில் அல்ல.

அப்புறம் பத்தாவது பகுதி, 'இறை இசை'. மூன்று பேர் வயலினையும் வியோலாவையும் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றிச் சுருதி சேர்த்த படிகக் கோப்பைகளின் விளிம்பில் வில்லைப் போடுகிறார்கள். அந்த மங்கலான ஒளி மாதிரியான ஒலிக்கு மேலே செல்லோ மட்டும் உச்சத்தில் தனியாகப் பாடுகிறது. நம் ஜலதரங்கத்தில் தட்டியதும் நாதம் எழுந்து அடங்கிவிடும். இங்கே வில் நகரும்வரை அடங்குவதில்லை. ஆசைப்பட்டு வீட்டிலும் முயன்றேன், விரலை நனைத்து டம்ளர் விளிம்பில் தேய்த்து. எவர்சில்வரை விடுங்கள், தடித்த கண்ணாடி டம்ளரே வாய் திறக்கவில்லை. மெல்லிய விளிம்புள்ள கோப்பை வேண்டுமாம்.

"இதெல்லாம் வித்தை, இசை இல்லை" என்றார் நண்பர் ஒருவர். கண்ணாடிக் கம்பி, தையல் வேலைக்கு விரலில் மாட்டும் உலோக உறை, பெரிய வெண்கலத் தட்டு என்று இதில் பயன்படும் பொருட்களின் பட்டியலை மட்டும் படித்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் 1973இல் ரேடியோவில் இதைக் கேட்ட வயலின் கலைஞர் டேவிட் ஹாரிங்டன், இதை வாசிக்க வேண்டும் என்பதற்காகவே குரோனோஸ் குவார்ட்டெட் என்ற நால்வர் குழுவைத் தொடங்கினார். வித்தைக்காக ஒருவர் வாழ்நாளைக் கொடுப்பாரா?

குரோனோஸ் குழு 1990இல் வெளியிட்ட பதிவு இணையத்தில் கிடைக்கிறது. முழுக்கக் கேட்டாலும் இருபது நிமிடம்தான், கொஞ்சம் முன்னே பின்னே. பொறுமை இல்லை என்றால் பத்தாவதிலிருந்து போடுங்கள். பூச்சிகளைத் தவறவிட்டோமே என்ற கவலை வேண்டாம், 13ஆவது பகுதியில் அவை திரும்பி வருகின்றன.